பெயர்த்த கற்கள்

அத்தியாயம் 9

மந்திரி கதவைத் திறந்தாள். வாசல்படிக்கும் தெருக் கேட்டுக்கும் நடுவே சின்ன முற்றம். அதில் காலை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முற்றம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. செங்கல் நிறத்தில் பேவர் கற்கள், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, ஓரிடத்தில்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல். போன வருடம் அவள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அப்பா புதிதாகப் பதித்திருந்தார். "எப்படி இருக்கு?" என்றார். "சூப்பர்ப்பா" என்றாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. சொந்த வீட்டு வாசலை யார் கேள்வி கேட்கிறார்கள்?

ஆனால் நேற்று சாயங்காலம் கல்லூரி அரங்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தபால் நிலையத் தெருவில் பெயர்த்தெடுத்தார்களே, அந்த நல்ல கற்கள் எல்லாம் எங்கே போயின?"

அரங்கமே அதிர்ந்தது. பதில் இப்போது அவள் காலடியில் கிடந்தது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மந்திரி எந்தப் பதவியிலும் இல்லை. தெருவில் நடைபாதைக் கல் பதிக்கும் மேஸ்திரியின் கடைசிப் பெண். பொருளாதாரம் படிக்கிறாள். அண்ணனுக்குக் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் தொட்டிலுக்குள் குனிந்து, "நாடு வாங்கியிருக்கிற கடன்ல உன் பங்கு எவ்வளவு தெரியுமாடா செல்லம்?" என்று தொகையையும் சொன்னாள். அண்ணி ஒரு மாதம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர் நிதி மந்திரி. நாளடைவில் நிதி உதிர்ந்துபோய் மந்திரி மட்டும் நின்றது.

சிரிப்பது இருக்கட்டும், அவளுக்கு உண்மையிலேயே பயம். நாடு வருடா வருடம் கடன் வாங்குகிறது, வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட மறுபடி வாங்குகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போகிறது. தான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, தலை நரைக்கும் வரை கட்டினாலும் தீராத ஒரு பாக்கி தன் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தப் பயத்தைத்தான் நேற்று பேச்சாக்கினாள். உதாரணத்துக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டாள். கணக்கு முடிக்கிற மாதத்தில், ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று, நன்றாக இருந்த கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் போட்ட தெரு. தோழிகளோடு போய் எடுத்த புகைப்படம், அந்த வேலைக்கு நின்ற அறிவிப்புப் பலகை, அதில் இருந்த ஒப்பந்தக்காரரின் பெயர் எல்லாவற்றையும் திரையில் காட்டினாள்.

பலகையில் இருந்தது பெரிய ஒப்பந்தக்காரரின் பெயர். லைசென்ஸ் அவருடையது. ஆனால் வேலையைச் செய்கிறவர்கள் பலகையில் ஏறுவதில்லையே. அது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழிலில் சோறு தின்று வளர்ந்த மந்திரிக்கு மட்டும் தெரியவில்லை.

அப்பா நேற்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண் மேடையேறுகிறாள் என்று தன் ஆட்கள் அத்தனை பேரையும் குளித்துச் சட்டை மாற்றச் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். அந்தப் புகைப்படம் திரையில் வந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் அவள் பேசி முடித்ததும் முதல் கைதட்டல் அவருடையது. அவர் தட்டினார் என்று ஆட்களும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு அண்ணன்தான் பொறுக்காமல் போட்டு உடைத்தான். "அந்தத் தெரு நம்ம அப்பா போட்டதுடி. நீ எங்கே போச்சுன்னு கேட்ட கல்லு மேலதான் செருப்பைக் கழட்டி விட்டிருக்க."

அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"அப்பா எங்கம்மா?" என்று உள்ளே திரும்பிக் கேட்டாள்.

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டார். டீயைக்கூடத் தொடல."

"என் மேல கோபமா?"

அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "கோபப்பட்டிருந்தா நானே சமாதானம் பண்ணியிருப்பேன். 'அவகிட்ட இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவ சரியாத்தான் பேசியிருக்கா'ன்னு சொல்லிட்டுப் போறார்."

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலையே என்று இருந்தது மந்திரிக்கு.

கையில் போன் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. பாராட்டு மேல் பாராட்டு. பேராசிரியை அனுப்பியிருந்தார்: 'இந்த மாதிரி ஒப்பந்தக்காரர்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.' படித்து முடிப்பதற்குள் விரல் பழக்கதோஷத்தில் அதற்கு ஓர் இதயத்தைப் போட்டுவிட்டது. சட்டென்று அழித்தாள். அழித்ததை நினைத்தும் கூச்சமாக இருந்தது. நேற்று இதே வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுந்து நின்று ஆமாம் என்றிருப்பாளே!

கேட் சத்தம் கேட்டது. அப்பாவிடம் வேலை செய்கிற பெரியக்கா. ஆட்களில் மூத்தவள், எல்லாருக்கும் அவள்தான் வாய்.

"மந்திரி! நேத்து பிரமாதம் போ. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நீ கையை நீட்டி நீட்டிப் பேசினியே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

"உக்காருங்கக்கா."

"உக்கார நேரமில்ல. மேஸ்திரி இருக்காரா? கூலி இன்னைக்குத் தரேன்னு சொல்லியிருந்தார். பில்லு பாஸ் ஆயிடுச்சான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பையனுக்கு ஸ்கூல்ல பணம் கட்டணும். நான் கேட்டேன்னு சொல்லாத. அவருக்கே தெரியும்."

மந்திரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பெரியக்கா போன கையோடு அண்ணனின் பைக் வந்து நின்றது. அப்பாவின் வேலைக்கு லாரி ஓட்டுவதும் பில் எழுதுவதும் அவன்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கிளம்பு. நகராட்சி என்ஜினியர் உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றார்."

"என்னை எதுக்கு?"

"எதுக்கா? நேத்து அவர் முன் வரிசையில உக்காந்திருந்ததைப் பாக்கலையா நீ? பக்கத்துல அவரோட மேலதிகாரி. என்ஜினியர் காதுல புகை வராதது ஒண்ணுதான் குறை. இந்த வருஷம் நாம செஞ்ச வேலையோட பில்லு அவர் மேஜையில கிடக்கு. அப்பா காலையிலேர்ந்து அங்க பெஞ்சுல உக்காந்திருக்கார்."

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே அண்ணா."

"பொய்னு யார் சொன்னா? ஒரு கல்லுகூட உடையல. எல்லாம் முழுசு. நான்தான் லாரில ஏத்தினேன், எனக்குத் தெரியாதா? உடைஞ்ச கல்லை அள்ளிக் கொட்டினதா பில்லு எழுதினதும் நான்தான்."

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

அண்ணன் இப்போது ஹெல்மெட்டைக் கழற்றினான். "நாம செய்யலேன்னா வேற யாராவது செய்வான். நாட்டுக் கடன், நாட்டுக் கடன்னு சொல்றியே, உன் காலேஜ் பீசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்ச? அந்தக் கடன்லேர்ந்துதான்."

அம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். "போதும், நிறுத்துடா."

"நிறுத்திட்டேன். இவ வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் சரியாப் போகும். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், அந்தக் கல்லெல்லாம் உடைஞ்சுதான் இருந்துச்சுன்னு. அவங்க வீடியோ எடுத்து ஆபீஸ் வெப்சைட்டுல போட்டுப்பாங்க. அவ்வளவுதான்."

"அப்பா இதுக்கு ஒத்துக்கிட்டாரா?"

"அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டார்."

மந்திரி உள்ளே போய் முகம் கழுவினாள். நேற்று மேடைக்கு உடுத்திய உடையே ஆணியில் தொங்கியது. அதைத் தொடவில்லை, வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெரியக்காவின் தாழ்ந்த குரல் காதிலேயே இருந்தது. என்னால்தானே, நான் போய்ச் சரிசெய்துவிடுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதைத் தியாகம் என்றுகூட நினைத்துக்கொண்டாள், பாவம்.

நகராட்சி அலுவலகத்தின் மாடி வராந்தாவில் நீளமாக ஒரு மரப்பெஞ்சு. அதன் ஓரத்தில் அப்பா. வீட்டில் அவர் இருமினாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன ஒரு விடலைப் பையனுக்கு எழுந்து நின்றார். அவன் கவனிக்காமல் போனதும் உட்கார்ந்தார். அடுத்து ஒரு பெண் ஊழியர் வந்தார். மறுபடி எழுந்தார்.

மந்திரி தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். பார்த்திருக்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பாவை நினைத்து ஒரு கணம் கூச்சப்பட்டாள். கூசியதற்காக அதைவிட அதிகமாகத் தன்மீதே வெறுப்பு வந்தது.

அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "நீ எங்கம்மா இங்க?"

"என்ஜினியர் கூப்பிட்டார்ப்பா."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பைக்கை நிழலில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டான்.

"வீட்டுக்குப் போ. இது என் வேலை, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

"ரெண்டு நிமிஷம்தான்ப்பா."

கதவு திறந்தது. "வாம்மா, வா வா!" என்ஜினியரே வாசலுக்கு வந்தார். வில்லன் மாதிரியெல்லாம் இல்லை மனிதர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்தார். "உக்காரும்மா. என்ன பேச்சு! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, நாலு பேர் முன்னாடி பேர் சொல்லச் சொன்னா நகத்தைக் கடிக்கும்."

நாற்காலி ஒன்றுதான் காட்டப்பட்டது. அப்பா சுவரோரமாக நின்றார்.

"அப்பா, நீங்க உக்காருங்க" என்று மந்திரி எழுந்தாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் அப்பா அவசரமாக.

என்ஜினியர் மேஜையில் இருந்த காகிதக் கட்டைத் தட்டினார். "உங்கப்பா பில்லை நான் நிறுத்தலம்மா. சத்தியமா நிறுத்தல. ஆனா இந்த நேரத்துல கையெழுத்துப் போட்டா மேலே என்னைத்தான் கேப்பாங்க. நீயே ஒரு வார்த்தை, கல்லு பழுதாத்தான் இருந்துச்சுன்னு விளக்கம் சொல்லிட்டா, எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி."

"சார், அவளை இதுல இழுக்க வேணாம்" என்றார் அப்பா.

"நான் இழுக்கல மேஸ்திரி. பாப்பாவே வந்திருக்கு."

"நானாத்தான் வந்தேன்ப்பா" என்றாள் மந்திரி.

ஓர் உதவியாளர் போனைத் தூக்கிப் பிடித்தார். 'தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்' என்ற இரண்டு வாக்கியத்தோடு முடித்துவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்து வந்தாள். முதல் வாக்கியம் திக்கியது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவது தானாக வந்தது.

"அந்தத் தெருவை நான் மறுபடி நேரில் போய்ப் பார்த்தேன்" என்றாள். போகவில்லை. "பழைய கற்களில் நூற்றுக்கு எழுபது விரிசல் விட்டிருந்தன." அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆதாரமில்லாமல் எண்ணைச் சொல்கிறவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்கிறவள் அவள். "கல் இடறி ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்த சம்பவமும் உண்டு." அப்படி ஒரு பெண்ணே இல்லை. கை தன்னால் நீண்டது, நேற்று மேடையில் நீண்ட மாதிரியே. "கடன் என்றாலே சுமை என்று என் தலைமுறை நினைக்கிறது. நல்ல சாலைக்காக வாங்கும் கடன் சுமை அல்ல. எங்களுக்காக வைத்துவிட்டுப் போகும் சொத்து."

பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பெரிய கேவலம். வார்த்தை வந்து விழ விழ, நேற்று இருந்த அதே உற்சாகம் உடம்பில் ஏறியது. உண்மைக்கும் பொய்க்கும் தன் நாக்கு ஒரே மாதிரி வளைகிறது என்பதை அவள் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டாள்.

"அடேயப்பா!" என்றார் என்ஜினியர். "ரெண்டு நிமிஷம் கேட்டேன், எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா."

மந்திரி அப்பாவைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது. முத்திரை விழுந்தது. பில் பாஸாகிவிட்டது. பெரியக்காவுக்கு இன்றைக்குக் கூலி கிடைத்துவிடும். அதை நினைத்துச் சந்தோஷப்பட முயன்றாள்.

"மேஸ்திரி, இன்னொண்ணு." என்ஜினியர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "வந்தது வந்தீங்க, இதையும் முடிச்சிடலாம். பூங்காத் தெரு. கணக்கு முடிக்கிறதுக்குள்ள ஆகணும். இந்தத் தடவை லைசென்சுக்காரருக்கு அடுத்து உங்க பேரையும் போடச் சொல்லியிருக்கேன். கையெழுத்துப் போட்டா ஒர்க் ஆர்டர் உங்க கையில."

அப்பா தாளை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"சார், பூங்காத் தெரு நான் போட்டதுதானே. ரெண்டு வருஷம்கூட ஆகல. மணல் விரிச்சு, மட்டம் பாத்து, நானே முட்டி போட்டுப் பதிச்சது. ஒரு கல்லு ஆடாதே."

"ஆடுதுன்னு யார் சொன்னா? பணம் வந்திருக்கு மேஸ்திரி. செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும், அடுத்த வருஷம் அதையும் வெட்டிடுவாங்க. நீங்க போட்டது, நீங்களே எடுத்தா வேலை சுளுவு." மந்திரியைப் பார்த்துச் சிரித்தார். "முடிஞ்சதும் திறப்பு விழாவுக்குப் பாப்பாதான் பேச்சாளர்."

அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். தாளை மேஜையில் வைத்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது. பிறகு அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. வாங்கட்டுமா?"

என்ஜினியர் சிரித்தார். "பாருங்க, மந்திரிகிட்ட கேக்கறார்!"

அப்பா சிரிக்கவில்லை. அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு என்னென்னவோ ஓடியது. அப்பாவின் கூலியை நம்பியிருக்கிற ஆட்களின் எட்டுக் குடும்பம். அடுத்த வருடத்துக் கல்லூரிக் கட்டணம். தொட்டிலில் கிடந்த குழந்தை. முட்டி போட்டுப் பதித்தது என்று அப்பா சொன்னபோது குரலில் இருந்த பெருமை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு இனிமேல் என்ன யோக்கியதை இருக்கிறது? இப்போதுதானே இந்த வாயால் எல்லாம் சரி என்று சொன்னேன்? அப்பாவை மறுபடியும் நான் நோகடிக்கக் கூடாது.

"வாங்கிக்குங்கப்பா" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்காக நின்றார். அதை இந்த உலகத்தில் சொல்லக் கூடியவள் இவள் ஒருத்தி என்று நம்பித்தான் கேட்டார். இன்றைக்குக் காலைவரை அந்த நம்பிக்கை சரியாகவும் இருந்தது.

அப்பா பேனாவை மூடி, மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு வந்து சொல்றேன் சார்."

"நாளைக்கா? நாளைக்கு வேற ஆளு வருவாங்க மேஸ்திரி, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சார்."

படியில் அவர் முன்னே இறங்கினார். அவள் பின்னால். அவர் சட்டையின் முதுகில் பெஞ்சின் தூசி ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை போனது. தொட முடியவில்லை.

கீழே அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றான். "பாஸா?"

"பாஸ்" என்று அப்பா காகிதத்தை அவனிடம் கொடுத்தார். "பணம் வந்ததும் முதல்ல பெரியக்காகிட்டக் கொடு. மத்தவங்களுக்கு அப்புறம். இவளை வீட்ல விட்டுடு."

"நீங்க வரலையா?"

"நான் நடந்து வரேன்."

"அப்பா" என்றாள் மந்திரி.

அவர் திரும்பினார். எது வந்தாலும் வாங்கிக்கொள்ள அவள் தயாராக நின்றாள். ஏச்சு, அடி, எதுவானாலும்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. போய்ச் சாப்பிடு" என்றார்.

அவ்வளவுதான். நடக்கத் தொடங்கிவிட்டார்.

அண்ணன் பைக்கை உதைத்தான். ஏறச் சொன்னான். அவள் ஏறவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

"பில்லுதான் பாஸ் ஆயிடுச்சே. இப்ப ஏன்டி அழற?"

"உள்ள பொய் சொன்னேண்ணா. ரொம்ப நல்லாச் சொன்னேன்." புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பா நின்னுக்கிட்டே கேட்டுட்டு இருந்தார்."

அண்ணன் வண்டியை அணைத்துவிட்டு அவனும் அவள் பார்த்த பக்கம் பார்த்தான்.

வீட்டுக்குப் போகிறவர் வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்பா தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு இடது பக்கம், பூங்காத் தெருவை நோக்கித் திரும்பினார்.